கருப்பு வெள்ளையில் ஊர் முகங்கள்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

பத்தமடைப் பாய் நெசவாளர்கள், முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள், உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகள் என்று யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு பலர் கேமராவோடு கிளம்புகிறார்கள். பத்துப் பேரை எடுத்து முடித்ததும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்தும் பத்து விதமாக நிற்கின்றன. ஒன்றில் முகம் பெரிதாக, ஒன்றில் சின்னதாக. ஒன்றில் கண்ணுக்குக் கீழே கருநிழல், அடுத்ததில் முகமே வெளுத்து. அங்கேதான் கேள்வி வருகிறது: ஆளுக்குப் பின்னால் திரை கட்டி எடுக்கவா, வீட்டு ஜன்னல் வெளிச்சம் போதுமா, ஃபிளாஷ் வாங்கவா, இல்லை வேலை செய்கிற இடத்திலேயே எடுத்துவிடவா?

எல்லாவற்றையும் கருப்பு வெள்ளையாக மாற்றினால் தானாக ஒன்றுபோல ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. நிறத்தை எடுத்துவிட்டால் கண்ணுக்கு மிஞ்சுவது வெளிச்சத்தின் திசை, நிழலின் அழுத்தம், முகத்தின் அளவு, பின்னணியின் சாம்பல் ஆகிய நான்குதான். இவை படத்துக்குப் படம் மாறினால் நிறப் படத்தில் தெரிவதைவிடத் துலக்கமாகத் தெரியும். ஆகவே எந்தக் கேமரா என்பதைப் பிறகு பார்க்கலாம். இந்த நான்கில் எதை உங்களால் கடைசிவரை பிடித்து நிறுத்த முடியும் என்பதே முதல் கேள்வி. அதற்கான விடை நம் திருநெல்வேலிப் பக்கத்து வெயிலையும் காற்றையும், எடுக்கப்படுகிறவரின் வேலை நேரத்தையும் பொறுத்தது.

## எதை வைத்து எடைபோடுவது

திரும்ப வருமா? இன்று எடுத்த அதே வெளிச்சம் ஆறு மாதம் கழித்து, வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் கிடைக்குமா? ஒரு வரிசைக்கு இதுதான் உயிர். ஒரே நாளில் முப்பது பேரும் கிடைக்கப் போவதில்லை.

அவர்களுடைய நேரம். இதைக் கணக்கில் சேர்க்காத திட்டங்கள் பாதியில் நின்றுபோகும். பனையேறி விடியற்காலையிலும் மாலையிலும் மரத்தில் இருப்பார். புகைப்படக்காரர்கள் விரும்பும் சாய்ந்த வெளிச்சமும் அதே நேரத்தில்தான் வரும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்களுக்கு வெயில் ஏறிய நேரம்தான் வேலை நேரம். பீடி சுற்றுகிறவருக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அரை மணி நேரம் அவரை எழுப்பி நிறுத்தினால் அந்த அரை மணிக் கூலி போகும். அதை நீங்கள் கொடுத்தாக வேண்டும், அல்லது எழுப்பாமல் எடுக்கும் வழியைத் தேட வேண்டும்.

பருவம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, ஐப்பசி, கார்த்திகை மழை, சித்திரை வெயில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைக் கெடுக்கும்.

தூக்கிப்போக முடியுமா? டவுன் பஸ்ஸில் போய், தேரி எனும் செம்மணல் மேட்டில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் எது கையோடு வரும்?

பிறகு வரும் செலவு. துணி, பேட்டரி, பிரிண்ட், திரும்பத் திரும்பப் போகும் பஸ் செலவு, கணினி முன் உட்காரும் நேரம்.

## எந்த வழியிலும் மாறக்கூடாதவை

ஒரே லென்ஸ், ஒரே தூரம். முழு ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மி.மீ. இருந்தால் இரண்டரை மீட்டரில் இடுப்புவரை, கைகளும் தெரிய எடுக்கலாம். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அளந்துவிடுங்கள். முகத்தின் உருவம் மாறுவது தூரத்தால்தான். கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னே போகும். அதனால்தான் செல்போனில் எடுக்கிறவர்கள் சாதாரண லென்ஸை விட்டு 2 அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறிக்கொண்டு பின்னால் தள்ளி நிற்க வேண்டும்.

கேமரா அவர்களுடைய கண் உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் அவர் கெஞ்சுகிறவர்போல் தெரிவார். அப்படிப்பட்ட ஒரு படமே முழு வரிசையின் தொனியையும் கெடுத்துவிடும்.

எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, மேனுவலில் வையுங்கள். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதை எல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் இருந்தால் படத்தை இருட்டாக்கும். கருத்த உடம்பு ஃப்ரேமை நிறைத்தால் வெளுக்க வைக்கும். நடுச் சாம்பல் நிற அட்டையான கிரே கார்டை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து அளந்துகொண்டால் இந்தத் தொல்லை தீரும். கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு அளவுகளை ஏற்றினால் தோல் வெளுக்கும், அவற்றை இறக்கினால் தோல் கருத்து ரேகைகள் அழுத்தமாகும். ஒரு கலவையை முடிவு செய்தபின் எல்லாருக்கும் அதுவே. வெயிலில் உழைத்துக் கருத்த முகத்தை வெளுக்க வைப்பது மரியாதை இல்லை. அந்தக் கருப்பில் எத்தனை படிநிலை இருக்கிறது என்று காட்டத்தான் இந்த ஊடகமே இருக்கிறது.

## வழி 1: வாசல் நிழலும் ஒரு திரையும்

நேரடி வெயில் படாத, ஆனால் எதிரே வானம் திறந்திருக்கும் இடத்தில் ஒரு துணியைக் கட்டி, அதன் முன் ஆளை நிறுத்தி எடுப்பது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்குப் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளிகளையும் மாட்டுப் பண்ணைக்காரர்களையும் இப்படித்தான் எடுத்தார். வெள்ளைத் தாளைத் திரையாக ஒட்டிக்கொண்டு, நிழலில், 8×10 அங்குல ஃபிலிம் கேமராவில். செயற்கை விளக்கு கிடையாது. ஐந்து ஆண்டு வேலை ஒரே மூச்சில் எடுத்ததுபோல் இருப்பதற்கு அந்த நிழலும் தாளும்தான் காரணம்.

நம் ஊர்த் திண்ணை வீடுகள் இந்த வழிக்கென்றே கட்டியவைபோல இருக்கின்றன. மேலே தாழ்வாரம் உச்சி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. எதிரே தெருவும் வானமும் திறந்திருப்பதால் வெளிச்சம் முன்பக்கமிருந்து வருகிறது, கண்ணில் ஒளிப்புள்ளி விழுகிறது. ஆளைத் திண்ணை விளிம்பில் உட்காரவைத்து நீங்கள் தெருவில் நின்றால் போதும். ஐஎஸ்ஓ (உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப் 5.6, ஷட்டர் 1/125 நொடி என்ற அளவை ஒட்டி வரும். கிழக்குப் பார்த்த வாசல் பிற்பகலில் நிழலாகும், மேற்குப் பார்த்த வாசல் காலையில். இதை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு நேரம் சொல்லி வைக்கலாம். மரத்தடி நிழலை நம்ப வேண்டாம். இலை இடுக்கு வழியே விழும் வெயில் பொட்டுகள் முகத்தைக் கூறுபோடும்.

திரை எந்த நிறம்? வெள்ளை என்றால், வெள்ளை வேட்டி சட்டைக்காரரின் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கருப்பு என்றால் கருந்தலையும் கருத்த தோளும் அதற்குள் போய்விடும். நடுச் சாம்பல்தான் நம் ஆட்களுக்குச் சரி. வெற்றுடம்போடு இருக்கும் பனையேறியும் சலவை வேட்டி உடுத்திய அண்ணாச்சியும் அதன் முன் ஒரே அளவு துலக்கமாக நிற்பார்கள். 6 அடிக்கு 9 அடி காடாத் துணிக்குச் சாம்பல் சாயம் ஏற்றிக்கொள்ளலாம். தார்ப்பாய் பளபளக்கும், வேண்டாம். ஆளைத் துணியிலிருந்து ஐந்தடி முன்னே நிறுத்தினால் சுருக்கங்கள் மங்கிவிடும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது காற்று. ஆனி, ஆடியில் தென்காசி, ஆலங்குளம், கயத்தாறு பக்கம் திரை கட்டினால் அது பாய்மரமாகிவிடும். கயிறு, கம்பு, மணல் மூட்டை, பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் என்று செலவு கூடும். அந்த இரண்டு மாதத்தை இந்த வழியில் விட்டுவிடுவதே மேல்.

இரண்டாவது, தரை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நிழலில் நிற்கிற ஆளுக்கு மேலிருந்து வருகிற வெளிச்சத்தோடு தரையிலிருந்து எதிரொளிப்பதும் சேரும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணல் சிவப்பு. அது நாடிக்கு, அதாவது மோவாய்க்கு, கீழே செந்நிறமாக எதிரொளிக்கும். நீங்கள் ஆரஞ்சை ஏற்றி மாற்றுகிறவராக இருந்தால் அந்த இடம் மட்டும் விசித்திரமாக வெளுக்கும். தூத்துக்குடி உப்பளத்தில் தரையே வெள்ளை. வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும், கண் கூசும், கன்ன நிழல் தலைகீழாகும். வயல் வரப்பிலோ தரை கருப்பு, நாடிக்குக் கீழே முழு நிழல். மூன்று இடத்திலும் ஒரே திரை, ஒரே நிழல், ஆனால் மூன்று முகம். இதற்குத் தீர்வு எளிது: பின்னணிக்கு ஒரு துணி, காலடியில் விரிக்க அதே சாம்பலில் இன்னொரு துணி. இரண்டையும் ஒரே கட்டிலிருந்து வெட்டுங்கள். ஒன்று அழுக்கானால் மற்றது பதிலுக்கு நிற்கும்.

மூன்றாவது பண்பாடு சார்ந்தது. வெற்றுப் பின்னணி, நேர்ப் பார்வை, கருப்பு வெள்ளை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம் வீடுகளில் அது மாலை போட்டு மாட்டும் படம். வயதானவர்கள் முகம் சுளித்தால் அது வெறும் கூச்சம் இல்லை. கையில் அவர்களுடைய சுளகோ அருவாப் பெட்டியோ இருக்கட்டும், இடுப்புவரை எடுங்கள், தலை மட்டும் வேண்டாம். அதோடு ஒரு நிறப் படமும் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

## வழி 2: கதவு, ஜன்னல் வெளிச்சம்

செலவே இல்லாத வழி, பார்வைக்கு மிக அழகான வழியும் இதுதான். ஒரு பக்கமிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியைச் செதுக்கி மறு பாதியை இருட்டில் விடும். வரிசையாகச் செய்யத் தொடங்கினால்தான் இதன் சிக்கல் தெரியும்.

வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும், அதில் வெயில் நேராக வராது என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும், ஆவணி நடுவில்தான் திரும்பும். இடைப்பட்ட நாட்களில் சூரியன் காலை முதல் மாலைவரை வானத்தின் வடபாதியிலேயே இருக்கும். ஆனி மாதத்தில் நேர் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். அப்போது வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து உள்ளே விழும்.

ஆகவே நம் பக்கத்துக் கணக்கு இப்படி: சித்திரை முதல் ஆவணி நடுவரை தெற்கு ஜன்னல். புரட்டாசி முதல் வாரம் கழிந்து பங்குனி முதல் வாரம்வரை வடக்கு ஜன்னல். இடையில் இருக்கும் சில வாரங்களில் நேரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் நேரடி வெயில் இல்லாத ஜன்னல் ஒன்று கிடைக்கும். ஆனால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறதா வலப்பக்கமிருந்தா என்பதை ஆளைத் திருப்பி உட்காரவைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வரிசையில் பாதிப் பேருக்கு இடம், பாதிப் பேருக்கு வலம் என்று வந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

அடுத்த சிக்கல் இடம். பழைய ஓட்டு வீடுகளில் ஜன்னல் சின்னது, கதவுதான் உண்மையான வெளிச்ச வாய். அறையும் சின்னது. 85 மி.மீ. லென்ஸோடு இரண்டரை மீட்டர் பின்னால் போகச் சுவர் விடாது. உள்ளே எடுப்பதுதான் திட்டம் என்றால் முதல் படத்திலிருந்தே முழு ஃப்ரேமில் 50 மி.மீ., ஒன்றரை மீட்டர் என்று முடிவு செய்துவிடுங்கள். நடுவழியில் லென்ஸ் மாற்றுவது வரிசையை இரண்டாக உடைத்துவிடும்.

வீட்டுக்குள் சுவரின் நிறமும் சும்மா இருக்காது. சுண்ணாம்பு அடித்த வெள்ளை அறையில் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து நிழல் பக்கத்தையும் நிரப்பும். பச்சை, நீல டிஸ்டெம்பர் அடித்த அறையிலோ அடுப்புப் புகை படிந்த அறையிலோ மறுபாதி முகம் கருங்குழியாகும். ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கருப்புத் துணியும் பையில் இருக்கட்டும். நிழல் பக்கத்தில் முன்னதைத் தொங்கவிட்டால் நிழல் இளகும், பின்னதைத் தொங்கவிட்டால் இறுகும். முதல் படத்தின் நிழல் எவ்வளவு அழுத்தம் என்பதைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஷட்டரை அமுக்க வேண்டும்.

எல்லாரையும் ஒரே வீட்டுக்கு வரவழைக்க முடிந்தால் இந்தச் சிக்கல்கள் அத்தனையும் போய்விடும். ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை, ஒரு பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தெருவின் ஆச்சிமார் என்று எடுப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே நாற்காலி, ஒரே கதவு, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. போதும்.

## வழி 3: கூடவே கொண்டுபோகும் ஃபிளாஷ்

ஒரு ஃபிளாஷ், அதன் முன் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டி, ஒரு ஸ்டாண்டு. திசை, தூரம், அளவு மூன்றும் உங்கள் கையில். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவரையும் எடுக்கலாம், அடைமழையில் வீட்டுக்குள்ளும் எடுக்கலாம். நேரத்தை அவர்கள் சொல்ல, நீங்கள் ஒத்துப்போக முடிவது இந்த வழியில் மட்டும்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் மதிக்கிறேன்.

ஃபிளாஷையும் கயிற்றால் அளந்தே வைக்க வேண்டும். ஒரு மீட்டரில் இருந்ததை 1.4 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகும், 2 மீட்டருக்குத் தள்ளினால் கால்வாசிதான். ஒருமுறை அளந்துவிட்டால் எக்ஸ்போஷரைத் தொடவே வேண்டாம்.

ஆனாலும் விளக்கு நம் கையில் இருந்தால் எல்லாம் ஒன்றுபோல வரும் என்பது முழு உண்மை இல்லை. சின்ன வெள்ளை அறையில் ஃபிளாஷ் அடித்தால் சுவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும். திறந்த முற்றத்தில் இரவில் அடித்தால் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. இரண்டு படமும் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. நிழல் பக்கத்தில் எப்போதும் ஒரே துணி நின்றால்தான் ஒற்றுமை வரும்.

உவரி, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் காற்று ஸ்டாண்டைச் சாய்க்கும். உப்புக் காற்று கருவிக்கும் ஆகாது. கூட்டம் கூடும், பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள், படம் எடுக்க நிற்கிறவர் விறைத்துப்போவார். விளக்கும் சாஃப்ட்பாக்ஸும் பார்த்ததும் கல்யாண வீட்டுச் சிரிப்பு முகத்தில் ஏறிவிடும், அதை இறக்க நேரம் பிடிக்கும். ஃபிளாஷுக்குப் பதில் எல்ஈடி விளக்கு என்றால் கண் சிமிட்ட வைக்காது, விழும் நிழலை முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் பகலில் வாசலில் அதன் பலம் போதாது.

## வழி 4: வேலை நடக்கும் இடத்திலேயே

திரையில்லை, விளக்கில்லை. பாய்த் தறியின் முன்னால், பானைச் சக்கரத்தின் முன்னால், விடிலி எனும் ஓலைக் குடிசையில் பதனீர் காய்ச்சும் அடுப்பின் முன்னால் அவர்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படி. ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் தன் நாட்டு மக்களைத் தொழில்வாரியாக எடுத்தார். பின்னணி ஒவ்வொன்றும் வேறு. ஆனாலும் படங்கள் ஒரு குடும்பமாக நிற்கின்றன. நேராகக் கேமராவைப் பார்க்கும் பார்வை, நிதானமான நிலை, அவரவர் சூழலைக் காட்டும் அளவுக்கான தூரம் ஆகியவை மாறாமல் இருப்பதால்தான்.

இதில் ஒற்றுமையை வெளிச்சம் தராது. சட்டகம்தான் தர வேண்டும். 35 மி.மீ. லென்ஸ், முழு உருவம், ஆள் ஃப்ரேமின் நடுவில், கைகள் கண்டிப்பாகத் தெரிய வேண்டும் என்பதுபோன்ற கறாரான விதிகள் தேவை. பத்தமடைக்காரர் தரையோடு தரையாக இருக்கும் தறியில் குனிந்திருப்பார், ஆகவே கேமராவும் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும். காருகுறிச்சியில் மண்பானை வனைகிறவருக்கும் அதே உயரம். அப்படியானால் நின்று வேலை செய்யும் ஒருவரை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று முன்பே யோசித்துவிடுங்கள்.

கருப்பு வெள்ளை இங்கே பெரிய உதவி. நீல பிளாஸ்டிக் குடம், மஞ்சள் கட்டைப்பை, காலண்டர் எல்லாம் நிறப் படத்தில் கத்தும், இங்கே அடங்கிவிடும். ஆனால் பின்னால் ஜன்னல் இருந்தால் அது வெள்ளைச் சதுரமாக எரியும். விடிலியில் புகையும் ஓலை இடுக்கு வெயிலும் சேர்ந்து முகத்தை இருட்டாக்கும்.

இதன் மறைமுகச் செலவு உங்கள் நேரம். ஒரே ஆளிடம் மூன்று முறை போக வேண்டிவரும், எடுத்ததில் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டிவரும். ஆனால் அவர்களுக்குச் செலவு மிகக் குறைவு, ஏனென்றால் யாரும் வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. பதனீர்க் காலம் மாசியிலிருந்து ஆடிவரை என்பதால் பனை வேலையை எடுக்க நினைப்பவர்களுக்கு ஆண்டில் பாதிதான் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வாசல் நிழல் + திரை | கதவு, ஜன்னல் | ஃபிளாஷ் | வேலை இடம் |
|---|---|---|---|---|
| ஆறு மாதம் கழித்து அதே தோற்றம் | வரும், தரைத்துணி இருந்தால் | ஒரே வீடு என்றால் வரும் | வரும் | வெளிச்சம் வராது, சட்டகம் வரும் |
| அவர்களுடைய நேரம் | கால் மணி | அரை மணி | அரை மணி, நேரம் அவர்கள் விருப்பம் | வேலை நிற்காது |
| கெடுக்கும் பருவம் | ஆனி, ஆடிக் காற்று. மழை | திசை மாறும் வாரங்கள் | கடற்காற்று | தொழில் நடக்காத மாதங்கள் |
| சுமை | துணி, கயிறு, கம்பு | இரண்டு துணி | அதிகம் | கேமரா மட்டும் |
| மறைந்த செலவு | பிடிக்க ஆள் | சின்ன அறை, சுவர் நிறம் | பேட்டரி, கூட்டம் | திரும்பப் போகும் பயணம் |
| எதற்குச் சிறந்தது | பல ஊர், பல தொழில் | ஒரு குடும்பம், ஒரு தெரு | மாலையில் மட்டும் கிடைப்பவர்கள் | தொழிலே கதை என்றால் |

## ஃபிலிமா, டிஜிட்டலா?

இது இரண்டாம் கேள்வி, ஆனாலும் எல்லாரும் கேட்பதால் சுருக்கமாக. ஃபிலிமின் பலம், அது உங்களை மாற்ற விடாது. இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிம்தான் என்று முடிவு செய்தால் முதல் முகத்துக்கும் முப்பதாவது முகத்துக்கும் ஒரே குணம். நம் ஊரில் சிக்கல் தண்ணீர். ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பரின் கணக்குகள் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதியவை. சித்திரை வைகாசியில் நம் குழாய்த் தண்ணீர் அதற்கு மிக மேலே இருக்கும். ஹெச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீரை ஒன்றுக்கு ஒன்று கலந்து கழுவ 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் ஏறக்குறைய 9 நிமிடம். அதற்கு மேலே போகப் போக நேரம் சுருங்கும். 5 நிமிடத்துக்குக் கீழே வந்தால் படம் திட்டுத் திட்டாகலாம். ஐஸ் தொட்டியில் வைத்து 24 டிகிரியில் நிறுத்திக்கொண்டு எல்லா ரோலையும் அதே அளவில் கழுவுங்கள். வெளியூர் லேபுக்கு அனுப்பினால், ஸ்கேன் செய்யும்போது வெளிச்ச அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஃபிலிம் காப்பாற்றிக் கொடுத்த ஒற்றுமையை அந்த ஒரு பொத்தான் கலைத்துவிடும்.

டிஜிட்டலில் கேமரா மெருகேற்றாத ரா ஃபைல், நிறச் சமன்பாட்டைக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வினில் நிலையாக, மாற்றும் கலவை ஒன்றே ஒன்று. எல்லாப் படத்தையும் ஒரே கணினித் திரையில் சின்னச் சின்னதாக அடுக்கி வைத்துப் பாருங்கள். தனித்தனியாகத் திருத்தினால் ஒவ்வொன்றும் அழகாகி, வரிசை கலைந்துவிடும். செல்போனென்றால் முகத்தை மெருகேற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும்.

ஊர் மனிதர்களை எடுக்கிற முதல் வரிசைக்கு நான் டிஜிட்டலையே சொல்வேன். மாலை போட்ட படம் என்று தயங்குகிறவருக்கு நிறப் படம் ஒன்றும் கையோடு கொடுக்க முடிவதுதான் காரணம். பிரிண்ட் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: கலர் லேபின் தாளில் கருப்பு வெள்ளை அச்சிட்டால் லேசான பச்சையோ ஊதாவோ ஏறும், அதுவும் நாளுக்கு நாள் மாறும். கண்காட்சிக்கான பிரிண்டுகளை ஒரே நாளில், ஒரே லேபில் மொத்தமாகக் கொடுங்கள்.

## யாருக்கு எது

பல ஊர் சுற்றி, தனி ஆளாக, முதல் முறையாகத் தொடங்குகிறீர்களா? வாசல் நிழலும் சாம்பல் திரையும். தையிலிருந்து பங்குனிவரை உள்ள மாதங்களை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், காற்றும் இன்னும் எழுந்திருக்காது. திண்ணை இல்லாத ஊருக்கு இர்விங் பென் செய்த மாதிரி ஒரு வழி உண்டு. அவர் 1967 முதல் 1971 வரை நேபாளம், மொராக்கோ என்று போன இடமெல்லாம் ஒரு கூடாரத்தையே ஸ்டுடியோவாக எடுத்துப்போனார். கல்யாணப் பந்தல்காரரிடம் ஒருபக்கம் திறந்த சின்னப் பந்தல் ஒன்றை வாடகைக்குக் கேட்டால் நமக்கும் அது நடக்கும்.

ஒரு வீட்டுக்கு எல்லாரும் வரத் தயார் என்றால் கதவு வெளிச்சம். எடுக்கப்படுகிறவர்கள் பகலில் கிடைக்கவே மாட்டார்கள் என்றால் மட்டும் ஃபிளாஷ் வாங்குங்கள், முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு.

பீடி, பாய், பானை, பனை என்று ஒரே தொழிலைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் திரையை வீட்டில் வைத்துவிட்டு வேலை இடத்துக்கே போங்கள். அங்கே முகம் காட்ட விருப்பமில்லை என்று ஒரு பெண் சொன்னால், கைகளை மட்டும் எடுக்கலாமா என்று ஒருமுறை கேட்கலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இரண்டு வழிகளைக் கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பாதிப் பேரைத் திரை முன், பாதிப் பேரைத் தறி முன் என்றால் கூடாது, அது இரண்டு அரை வரிசையாகத்தான் முடியும். ஒவ்வொருவருக்கும் இரண்டு படம், ஒன்று திரை முன், ஒன்று வேலையில் என்றால் தாராளமாகச் செய்யலாம். அப்படிச் செய்வதானால் வேலைப் படத்தை முதலில் எடுங்கள். உங்கள் கேமராவுக்கு அவர்கள் பழகிய பிறகு, "ஆச்சி, இந்தத் துணி முன்னால ஒரு நிமிஷம் உக்காருங்க, நாடிய லேசா எறக்குங்க" என்றால் விறைப்பில்லாமல் வந்து உட்காருவார்கள்.